ஊரே பூட்டிக் கிடக்கும் நாளில்

வாசகர் கேள்வி – அக்கா பதில்

கொரியாவில் நான் இருந்த காலத்தைப் பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் நாலு வரி எழுதியிருந்தேன். கணவரின் ஆராய்ச்சி வேலைக்காக 2009 முதல் 2016 வரை தேஜான் நகரில் குடியிருந்தோம். இப்போது வீடு மதுரை திருநகரில். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பண்டிகையைப் பற்றியே கேட்கின்றன. அதனால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

“என் மகள் தென்கொரியாவில் பிஎச்.டி. படிக்கிறாள். போன அக்டோபரில் அவர்களுடைய பெரிய பண்டிகைக்கு விடுதியே காலியாகிவிட்டது. மெஸ்ஸையும் மூடிவிட்டார்கள். ஒரு வாரம் ரூமில் நூடுல்ஸ் தின்றுகொண்டு, போனில் அழுதாள். இந்த வருஷமும் அந்த நாள் வருகிறது. அவளுக்கு நான் என்ன சொல்லட்டும் அக்கா?” – ஒரு தாய், திருமங்கலம்

அந்த அழுகை எனக்குத் தெரியும், தங்கச்சி. நானும் அழுதிருக்கிறேன்.

அந்தப் பண்டிகைக்குப் பெயர் சூசொக். அவர்களுடைய நிலாக் கணக்கில் எட்டாம் மாதத்துப் பௌர்ணமி. முந்தின நாள், அன்று, மறுநாள் என்று மூன்று நாள் அரசு விடுமுறை. போன வருஷம் அக்டோபர் 3 அவர்களின் தேசம் பிறந்த நாள், அடுத்து சனி ஞாயிறு, 6ஆம் தேதி சூசொக், 9ஆம் தேதி எழுத்துத் திருநாள். எல்லாம் ஒட்டிக்கொண்டு ஏழு நாள் விடுமுறையாகிவிட்டது. உங்கள் மகள் அகப்பட்டுக்கொண்டது அந்த ஏழு நாளில்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அத்தனை பேரும் எந்த ஊரை விட்டுக் கிளம்பினார்களோ, அந்த ஊரில் மறுநாள் காலையில் ஒருத்தி மட்டும் நின்றால் எப்படி இருக்கும்? சூசொக் அன்று தேஜான் அப்படித்தான் இருந்தது. நம் பொங்கலுக்கு அங்கே இருந்தால் ஊரெல்லாம் வேலைக்குப் போகும், நமக்கு மட்டும் மனசு வீட்டில் கிடக்கும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அவர்கள் பண்டிகைக்கு எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள், நமக்குப் போக வீடு இருக்காது. அதுதான் தாங்க முடியாதது.

என் முதல் சூசொக் 2009 அக்டோபர் 3, சனிக்கிழமை. புரட்டாசிச் சனி வேறு. கணவர் ஆய்வுக்கூடத்தில் ஏதோ பாதியில் விட முடியாத வேலை என்று போய்விட்டார். நாலு வயதுப் பையனும் நானும் மட்டும். கடை மூடியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பால் தீர்ந்திருந்தது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை மாலையில் குப்பையைப் போடக் கதவைத் திறந்திருந்தேன். எதிர் வீட்டுக் கதவும் திறந்திருந்தது, வறுத்த எள் வாசம் வந்தது. கூடத்தில் தரையில் உட்கார்ந்து, பெரிய பேசினில் மாவை வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் உருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கையில் குப்பைப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். கொழுக்கட்டை!

அந்த வீட்டுப் பாட்டியை நாங்கள் ‘ஹல்மொனி’ என்றுதான் கூப்பிடுவோம். பாட்டி என்றே அர்த்தம். அவர் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். எனக்கு அப்போது தெரிந்த கொரியச் சொல் இருபதுக்கு மேல் இராது. உட்கார வைத்து உள்ளங்கையில் ஓர் உருண்டை மாவை வைத்தார். அதற்கப்புறம் பேச்சே தேவைப்படவில்லை. சோழவந்தானில் அம்மா சொல்லிக் கொடுத்தபடி கட்டைவிரலால் குழித்து, பூரணத்தை வைத்து, ஓரத்தைச் சேர்த்து அழுத்தினேன். உள்ளே வைப்பது எள்ளும் சர்க்கரையும். நம் எள்ளுப் பூரணமேதான். அவர்கள் பாதி நிலா வடிவத்தில் பிடிப்பார்கள், பைன் மரத்து ஊசியிலையைப் பரப்பி அதன் மேல் வேகவைப்பார்கள். பெயர் சொங்பியோன். ஹல்மொனி நான் பிடித்ததைத் தூக்கி மருமகள்களிடம் காட்டினார். சொங்பியோனை அழகாகப் பிடிக்கிறவளுக்கு அழகான பெண் பிறப்பாள் என்று அங்கே சொல்வார்கள். அதைத்தான் சொன்னார் என்பது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

மறுநாள் காலையில் படையல் முடிந்ததும் மறுபடி கூப்பிட்டார்கள். சூப்பு வைத்தார்கள், உள்ளே சேப்பங்கிழங்கு மிதந்தது. பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் மாட்டிறைச்சியும் கிடந்தது. புரட்டாசிச் சனி. கிண்ணத்தின் மேல் கையை மூடித் தலையை ஆட்டினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கிண்ணத்தை எடுத்துவிட்டு பேரிக்காய் நறுக்கி வைத்தார். அடுத்த வருஷம் எனக்கென்று ஒரு சிறிய சட்டியில் இறைச்சி இல்லாமல் சேப்பங்கிழங்கு கொதித்துக்கொண்டிருந்தது. நான் கேட்கவே இல்லை.

இனி உங்கள் மகளுக்கு. இந்த 2026இல் சூசொக் செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. வியாழன் முதல் சனி வரை விடுமுறை. அழைப்பு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு மாதம் முன்னாலேயே கூடப் படிக்கிறவர்களிடம், “உங்கள் வீட்டில் சொங்பியோன் யார் பிடிப்பார்கள்? எனக்கும் பிடிக்கத் தெரியும்” என்று சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகும் சும்மா இருக்கிறவர்கள் குறைவு. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலும் கேட்கட்டும். பல இடங்களில் அதற்கு முந்தின வாரத்தில் சேர்ந்து சொங்பியோன் செய்கிற நிகழ்ச்சி வைப்பார்கள். யார் வீட்டுக்காவது போனால் வெறுங்கையோடு போகக்கூடாது. ஒரு பெட்டிப் பேரிக்காய் வாங்கிப் போனால் பெரியவர்களுக்கு மனசு நிறையும். அரிசி, பருப்பு, முட்டை, காய் எல்லாம் புதன்கிழமைக்குள் வாங்கி வைத்துவிடட்டும். தெருமுனையில் இருபத்து நாலு மணி நேரக் கடை திறந்திருக்கும், ஆனால் அங்கே காய்கறி பெரிதாகக் கிடைக்காது. ரயிலில் எங்காவது போவதானால் டிக்கெட் பல வாரம் முன்னாலேயே தீர்ந்துவிடும். சியோலில் இருந்தால் அந்த விடுமுறையில் பழைய அரண்மனைகளுக்குப் பொதுவாகக் கட்டணம் வாங்க மாட்டார்கள், போய்ப் பார்க்கட்டும். உடம்புக்கு ஏதாவது என்றால் 119.

இதை எல்லாம் விட முக்கியமாக ஒன்று. அந்த விடுதியில் அவள் ஒருத்தி மட்டும் இருக்கவில்லை. வியட்நாம் பிள்ளை, நேபாளப் பிள்ளை, உஸ்பெகிஸ்தான் பிள்ளை என்று அடுத்தடுத்த அறையில் இதே மாதிரி நூடுல்ஸ் தின்றுகொண்டு யாராவது இருந்திருப்பார்கள். உங்கள் மகள் கதவைத் தட்டட்டும். நாலு பேருக்குச் சோறும் ரசமும் வைத்தாலே போதும். என்னை ஹல்மொனி இழுத்தது மாதிரி அவளும் ஒருத்தியை இழுக்கட்டும். நான் சொல்ல வந்ததே இதுதான்.

நீங்கள் அன்று ஐந்து தடவை போன் போட வேண்டாம். ஒரு தடவை போடுங்கள், நம் நேரம் பிற்பகல் மூன்று மணிக்கு. அங்கே ஆறரை, நிலா ஏறுகிற நேரம். அந்த நிலாவைப் பார்த்து எல்லாரும் வேண்டிக்கொள்வார்கள். அவளையும் வெளியே போய் நின்று பேசச் சொல்லுங்கள்.

“வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் தை ஒன்று அன்று வேலைக்குப் போய்விட்டு, ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பொங்கல் வைக்கிறார்கள். இது சரியா?” – ஒரு வாசகர், அலங்காநல்லூர்

ஞாயிற்றுக்கிழமை கூடுவது நல்லதுதான். ஆனால் பால் பொங்க வேண்டியது தை ஒன்று அன்று. அதில் என் மனசு இளகாது. அவனியாபுரத்துக்குத் தை ஒன்று, பாலமேட்டுக்கு மாட்டுப்பொங்கல், உங்கள் ஊருக்கு அதற்கு மறுநாள் என்று நாளை மாற்றாமல் மாடு அவிழ்க்கிற ஊர்க்காரர் நீங்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2010 ஜனவரி 14, வியாழக்கிழமை. வெளியே பனி உறைந்து கிடந்தது. தேஜானில் அந்த மாதத்தில் சூரியன் வரவே ஏழே முக்கால் ஆகும். கிழக்குப் பார்த்த பால்கனியில், சன்னலைத் திறந்துவைத்து, அங்கே எல்லா வீட்டிலும் இருக்கிற சின்ன கேஸ் அடுப்பை வைத்தேன். ஒரு சாணுக்கும் குறைவான வெண்கலப் பானை. மஞ்சள் கொத்து கிடையாது, விரலி மஞ்சளை நூலில் கோத்துப் பானைக் கழுத்தில் கட்டினேன். வெல்லம் கீழமாசி வீதியில் வாங்கிப் பெட்டியில் கொண்டுபோனது. அவர்களுடைய குட்டை அரிசி நன்றாகக் குழையும், சர்க்கரைப் பொங்கலுக்கு நம் பச்சரிசிக்குக் குறைந்ததில்லை. பால் பொங்கி வழிந்ததும் என்னை அறியாமல் குலவை போட்டுவிட்டேன். எதிர் வீட்டிலிருந்து ஹல்மொனி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார், எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து. பொங்கிய பானையைக் காட்டினேன். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த வருஷத்திலிருந்து ஏழரைக்குத் தானாகவே வந்துவிடுவார்.

கணவர் எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போனார். முழுக்க முக்கால் மணி நேரம். உங்கள் பையன்களிடம் ஒரு படி அரிசி வேண்டாம், ஓர் ஆழாக்கு போதும் என்று சொல்லுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் உள்ள வீடென்றால் வெண்கலமும் பித்தளையும் அதில் சூடேறாது. காந்தம் ஒட்டுகிற ஸ்டீல் பாத்திரமாக எடுத்துக்கொள்ளட்டும்.

“கொரிய சீரியல் பார்க்கிறேன். அங்கேயும் பண்டிகை என்றால் மருமகள்தான் அடுப்படியில் நிற்கிறாளா?” – ஒரு வாசகி, செல்லூர்

ஆமாம். அதற்கு அங்கே தனிப் பெயரே இருக்கிறது, ‘பண்டிகை நோய்’ என்று பொருள்படும் ஒரு சொல். படையலுக்கு வேண்டிய அப்பமும் பொரியலும் எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்து மணிக்கணக்கில் சுடுவது மருமகள்கள். கும்பிடப் போவது ஆண்கள். ஹல்மொனி வீட்டு மூத்த மருமகள் நிமிர முடியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். 2022இல் சொங்க்யுன்குவான் என்கிற கன்பூசிய மரபு அமைப்பே முன்வந்து, படையலுக்கு எண்ணெயில் பொரித்த பண்டங்கள் கட்டாயமில்லை, ஒன்பது பதார்த்தம் போதும் என்று அறிவித்தது. அதைப் படித்தபோது அந்த மருமகளைத்தான் நினைத்துக்கொண்டேன். நம் வீட்டுத் தீபாவளிப் பலகாரத்துக்கும் யாராவது பெரியவர்கள் இப்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்ல ஆளில்லை என்றால் மாமியார்களே, நீங்கள் சொல்லுங்கள்.

“அப்பா இறந்து முதல் வருஷம். நான் குவைத்தில் இருக்கிறேன். மகாளய அமாவாசைக்கு ஊருக்கு வர லீவு இல்லை. குற்றமாக இருக்கிறது.” – உசிலம்பட்டிக்காரர் ஒருவர்

தம்பி, என் அப்பா 2014 ஆனியில் போனார். டிக்கெட் கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவில்லை.

அந்த வருஷம் சூசொக் செப்டம்பர் 8. பல வருஷங்களில் அவர்களின் அந்தப் பௌர்ணமி முடிந்ததும் நமக்கு மகாளய பட்சம் தொடங்கும், அந்த வருஷமும் அப்படித்தான். அவர்களுக்கும் அது முன்னோர் நாள். அதற்குச் சில வாரம் முன்பே மலைச்சரிவில் இருக்கிற கல்லறை மேடுகளுக்குப் போய் மண்டிய புல்லை வெட்டிச் சுத்தம் செய்வார்கள், நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னால் செய்கிற மாதிரி. சூசொக் காலையில் புது அரிசிச் சோறு, சொங்பியோன், பழம், மது எல்லாம் படைத்து, நெற்றி தரையில் பட விழுந்து கும்பிடுவார்கள். சிவப்புப் பழம் கிழக்கே, வெள்ளைப் பழம் மேற்கே என்று வைப்பதற்குக்கூட முறை உண்டு. பீச் பழம் மட்டும் வைக்க மாட்டார்கள், அது ஆவிகளை விரட்டிவிடுமாம்.

அன்று நான் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, துக்க வீட்டுக்காரி நல்ல நாளில் போகக்கூடாது என்று. ஹல்மொனியே வந்தார். ஒரு தட்டில் பேரிக்காய், கஷ்கொட்டை, சொங்பியோன் ஐந்து. “உன் அப்பாவுக்கு” என்றார். நான் அதைத் தெற்குப் பார்த்து, அப்பா படத்தின் முன்னால் வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்துக் கும்பிட்டேன். எள்ளும் தண்ணீரும் இறைக்கத் தம்பி வைகைக்குப் போயிருந்தான், அமாவாசை அன்று.

உங்கள் ஊரில் உங்கள் தம்பியோ பங்காளியோ திதி கொடுக்கட்டும், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அறையில் நீங்கள் சமைத்து, அவருக்குப் பிடித்த ஒன்றை வைத்துக் கும்பிடுங்கள். கூட இருக்கிறவர்களுக்கு அன்று உங்கள் கையால் சோறு போடுங்கள். லீவு கொடுக்காத கம்பெனி உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் நடுவில் வந்து நிற்க முடியாது.

“முப்பது வருஷம் தமிழாசிரியராக இருந்தவன். எழுத்துக்கு ஒரு நாடு விடுமுறை விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். விவரமாகச் சொல்லுங்கள்.” – ஓய்வு பெற்ற ஆசிரியர், வாடிப்பட்டி

ஐயா, அக்டோபர் 9. கொரிய எழுத்துக்குப் பெயர் ஹங்குல். 1443இல் சேஜோங் அரசர் உருவாக்கி 1446இல் நாட்டுக்குக் கொடுத்தார். சீன எழுத்தைப் படிக்க முடியாத சாதாரண ஜனங்களும் எழுதப் படிக்க வேண்டும் என்பதற்காக. அதற்கு அவர் வைத்த பெயருக்கே ‘மக்களுக்குக் கற்பிக்கச் சரியான ஒலிகள்’ என்று பொருள். அப்போது 28 எழுத்து, இப்போது 24. விடுமுறை அதிகமாகிவிட்டது என்று 1991இல் அந்த நாளை விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜனங்கள் விடவில்லை, 2013இல் திரும்பி வந்தது. நான் அப்போது அங்கே இருந்தேன்.

அந்த வருஷம் அக்டோபர் 9, புதன்கிழமை காலையில் ஹல்மொனி பால்கனியில் தேசியக் கொடியைக் கட்டினார். கட்டிவிட்டு என் பையனைக் கூப்பிட்டு அவன் கொரிய நோட்டை எடுத்து வரச் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது ஜப்பானிய ஆட்சி. பாடமெல்லாம் ஜப்பானிய மொழியில். 1945இல் ஆட்சி போன பிறகு, பத்து வயதில்தான் தன் மொழியின் எழுத்தைக் கற்றுக்கொண்டாராம். அதைச் சொல்லிக்கொண்டே பையனின் நோட்டில் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துத் தடவினார்.

உங்களுக்குப் பிடிக்கும் என்று இன்னொன்று. அந்த எழுத்துகளில் சில, ஒலி பிறக்கும்போது வாய் இருக்கிற நிலையையே வரைந்தவை. அவர்களின் ககரம், நாக்கின் அடி மேலே எழுந்து தொண்டையை அடைக்கிற வடிவம். மகரம் வாயின் வடிவம். பையன் இதைப் பள்ளியில் கற்றுவந்து சொன்னபோது எனக்குத் தொல்காப்பியத்துப் பிறப்பியல்தான் நினைவுக்கு வந்தது. ககரமும் ஙகரமும் முதல்நா அண்ணத்தில் பிறக்கும் என்று நம்மவர் சொல்லி வைத்ததை அவர்கள் படமாகவே போட்டிருக்கிறார்கள்.

நமக்கு அப்படி ஒரு நாள் இல்லையே என்று எனக்கு மிகவும் ஏக்கம் உண்டு. ஆனால் விஜயதசமி இருக்கிறது, நெல்லில் அகரம் எழுதுகிற நாள். மேலூர்ப் பக்கம் மாங்குளத்து மலையில் தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வெட்டிக் கிடக்கிறது, இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. நீங்கள் அந்த நாளில் பத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த மலைக்குப் போவீர்களா ஐயா? நானும் வருகிறேன். புளியோதரை என் பொறுப்பு.

“சொங்பியோனை மதுரையில் செய்ய முடியுமா அக்கா?” – கல்லூரி மாணவி, மேலூர்

முடியும். பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரத்தோடு மில்லில் கொடுத்து அரைத்துக்கொள். அங்கேயும் அப்படித்தான், பண்டிகைக்கு முன்னால் மில்லில் வரிசை நிற்கும். மாவைச் சலித்து, உப்புப் போட்டு, கொதிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் காதுமடல் பதத்துக்கு அழுத்திப் பிசை. எவ்வளவு பிசைகிறாயோ அவ்வளவு வெடிக்காது. எள்ளை வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்து, சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் சேர். பாதி நிலாவாகப் பிடி. கொடைக்கானலில் பைன் மரம் இருக்கிறது, ஆனால் மருந்து அடித்த மரமா என்று தெரியாமல் இலையைப் பறித்து வராதே. பூவரச இலையில் வைத்து அவி, வாசம் வேறாக இருக்கும், குறை இருக்காது. இருபது நிமிஷம். எடுத்ததும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, நல்லெண்ணெய் தொட்டு வை. அவர்கள் எண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது, அந்த வாசம் வேண்டுமென்றால் பொடித்த எள்ளில் கொஞ்சம் மேலே தூவிக்கொள். எண்ணெய் தொடாமல் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது.